தருவைகுளத்தில் முத்து கண்டெடுப்பு

செய்தி எழுதுவது எப்படி என்று உங்களிடம் ஒரு மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சின்ன வாக்கியமாக எழுது, ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயத்தை மட்டும் சொல், எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார். இதெல்லாம் உங்கள் கையில் இருக்கும் தாளிலேயே இருக்கிறது. நல்ல தாள்தான், எழுதியதே நான்தானே. ஆகவே அதைத் தொடப்போவதில்லை. அந்தத் தாளை எழுதிய பெண் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு என்ன செய்து வைத்தாள் என்பதைச் சொல்கிறேன். கேட்டு நன்றாகச் சிரியுங்கள். நானும் சிரித்தவள்தான், சிரிக்கக் கூடாத நேரத்திலும்கூட.

நான் நாசரேத்துக்காரி. அப்பா, அம்மா, அத்தைமார் இருவர் என்று வீடு முழுக்க வாத்தியார்கள். சாப்பாட்டுத் தட்டில் சோறு விழுவதற்கு முன்னால் பேச்சில் உள்ள ஒற்றுப்பிழை திருத்தப்படும் வீடு அது. நான் மட்டும் தப்பித்து வானொலிக்குப் போனேன். பல வருடங்களுக்குப் பிறகு தூத்துக்குடியில் ஓர் உள்ளூர்த் தொலைக்காட்சிக்குச் செய்தி ஆசிரியராக வந்தேன். அங்கே ஒரே வாரத்தில் எல்லாரும் என்னை ‘டீச்சர்’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும் போலிருக்கிறது.

எங்கள் செய்தி வாசிப்பாளன் சாகுல், காயல்பட்டினத்துப் பையன். குரல் தேன். எதிரே திரையில் என்ன ஓடுகிறதோ அதை அப்படியே வாசிப்பான், ஒரு எழுத்து கூட்ட மாட்டான், குறைக்க மாட்டான். அந்தக் குணத்தை நான் முதல் மாதத்திலேயே தெரிந்துகொண்டேன். மாப்பிள்ளையூரணியில் குடிதண்ணீர் கேட்டுப் பெண்கள் சாலை மறியல் செய்தார்கள். ஊர்ப்பெயரை நான் இரண்டு சொல்லாகப் பிரித்து அடித்துவிட்டேன். திரையில் ஒரு வரி ‘மாப்பிள்ளை’ என்று முடிந்தது, அடுத்த வரி ‘ஊரணியில்’ என்று தொடங்கியது. சாகுல் வரி முடிந்த இடத்தில் மூச்சு வாங்கினான். மாவட்டம் முழுக்க என்ன கேட்டது தெரியுமா? “மாப்பிள்ளை... ஊரணியில் குடிநீர் கேட்டுப் பெண்கள் சாலையை மறித்தனர்.” மச்சினனிடம் டீக்கடையில் ஊர் நிலவரம் சொல்லுகிற மாதிரி! அதன்பிறகு ஒரு வருடம் பஸ் நிலையத்தில் எவன் பார்த்தாலும் அவனை ‘மாப்பிள்ளை’ என்றுதான் கூப்பிட்டான். இது சின்னப் பிழை. இதில் யாரும் அழவில்லை.

இனிச் சொல்லப்போவது பெரியது.

ஆலந்தலையிலிருந்து ஒரு மீனவர் தனியாக வள்ளத்தில் தூண்டில் போடப் போனார். பெயர் சவரிமுத்து. இரண்டு நாளாகத் திரும்பவில்லை. இஞ்சின் கெட்டு எங்கோ அலைகிறார் என்று ஊர்க்காரர்கள் படகெடுத்துத் தேடினார்கள். முந்தின நாள் மாலைச் செய்தியில் நாங்களும் அதைச் சொல்லியிருந்தோம். மறுநாள் காலை ஏழு ஐம்பதுக்குத் தருவைகுளத்திலிருந்து எங்கள் பகுதி நேர நிருபர் போன் செய்தார். அவர் அவசரமாகச் சொன்னது இது: ஆலந்தலை சவரிமுத்துவின் வள்ளம் விடியற்காலையில் தருவைகுளம் கரையில் ஒதுங்கியிருக்கிறது. உள்ளே ஆள் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். தட்டி எழுப்பியதும் முதலில் தண்ணீர் கேட்டார், பிறகு இது எந்த ஊர் என்று கேட்டார். ஆள் நன்றாக இருக்கிறார்.

எட்டு மணிச் செய்திக்குப் பத்து நிமிடம் இருந்தது. எனக்கு மகிழ்ச்சியில் கை பறந்தது. விவரத்தை நாலு வரியில் ஒழுங்காகத்தான் எழுதினேன். அது ஆறாவது செய்தியாகப் போயிற்று. தலைப்புச் செய்தி ஒன்று வேண்டுமே? தலைப்பு என்றால் சுருக்க வேண்டும். ‘சவரிமுத்து’ நீளம், நேற்றே முழுப்பெயர் சொல்லியாயிற்று, ‘முத்து’ போதும் என்று தோன்றியது. ‘உயிருடன் கண்டுபிடிக்கப்பட்டார்’ என்பது அதைவிட நீளம், ‘கண்டெடுப்பு’ என்றால் கச்சிதம் என்று தோன்றியது. பெயரில் ஒரு வெட்டு, வினையில் ஒரு வெட்டு. அடித்து அனுப்பினேன்.

எட்டு மணிக்குச் சாகுல் அந்தத் தேன் குரலில் ஒரு எழுத்து குறையாமல் வாசித்தான்: “தருவைகுளத்தில் முத்து கண்டெடுப்பு.”

தலைப்புகள் முடிந்ததும் வழக்கப்படி விளம்பரம் வந்தது. அன்றைக்கு என்ன விளம்பரம் என்கிறீர்கள்? நகைக்கடை. ஒரு பெண் முத்துமாலையைக் கழுத்தில் வைத்துக் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள்.

மற்ற ஊராக இருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இது முத்துக்குளித்துறை ஐயா. கடைசியாகச் சிலாபம், அதாவது கடலில் மூழ்கி முத்து, குளித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கே வயதாகிவிட்டது, ஆனாலும் ‘முத்து’ என்று சொன்னால் இந்தக் கரையில் இன்றைக்கும் எவன் காதும் விடைக்கும். ஆறாவது செய்தியில் நான் எழுதிய நாலு வரியைக் கேட்கத் தொலைக்காட்சிக்கு முன்னால் யார் உட்கார்ந்திருந்தார்கள்? எல்லாரும் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

எட்டரைக்குள் தருவைகுளத்துக்குப் போகிற ஷேர் ஆட்டோக்கள் நிரம்பிவிட்டன. முழங்கால் தண்ணீரில் ஆண்களும் பெண்களும் குனிந்து நிற்கிறார்கள் என்று நிருபர் சொன்னார். சல்லடை கொண்டு வந்திருந்தார்கள். ஒருவர் மண்வெட்டியோடு வந்திருந்தார். எந்தத் துறையென்று சொல்லாமல் ஓர் அதிகாரி எங்களைப் போனில் அழைத்து, மொத்தம் எத்தனை கிராம் என்று கேட்டார். சாகுலுக்குத் துபாயிலிருந்து அவன் காக்கா, அதாவது அண்ணன், போன் செய்து, இரண்டு நல்லதாகப் பார்த்து எடுத்து வைக்கச் சொன்னார், லாத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, கம்மல் செய்ய வேண்டுமாம். சாகுல் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“டீச்சர், முத்துன்னா அந்த ஆளுன்னு காக்காட்ட எப்படிச் சொல்ல?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்ததும் என்ன செய்தேன் என்கிறீர்கள்? சிரித்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நிருபர் மறுபடி போன் செய்து இன்னொன்று சொன்னார். சவரிமுத்து கரையோரம் ஒரு வீட்டு வாசலில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வாளியோடு ஓடி வந்த ஒருவர் அவரிடமே, “அண்ணாச்சி, முத்து எங்கன இருக்கு?” என்று கேட்டிருக்கிறார். அவர் இட்லியை விழுங்கிவிட்டு, “நாந்தான் முத்து. என்ன வேணும்?” என்றிருக்கிறார். வந்தவர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பைத்தியம் போலிருக்கிறது என்று நகர்ந்துவிட்டாராம்.

இதைக் கேட்டு அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது. எங்கள் மேலாளர் அண்ணாச்சி கொஞ்சம் பயந்த சுபாவம் உள்ளவர், போலீஸ் வந்துவிடும் என்று படபடத்தார். உடனே ஒரு மறுப்பு போட வேண்டும் என்று அவரே எழுதிக் கொண்டுவந்தார். “தருவைகுளத்தில் முத்து கிடைத்ததாகப் பரவும் தகவலில் உண்மை இல்லை. பொதுமக்கள் யாரும் அங்கே செல்ல வேண்டாம்.” நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே படித்தேன், சரி என்று தலையாட்டினேன். ஒன்றைக் கவனியுங்கள். அவர் எழுதியதுதான், ஆனால் பார்த்து அனுப்ப வேண்டியவள் நான். சிரித்துக்கொண்டே அனுப்பினேன். எட்டு நாற்பதுக்குச் சாகுல் அதையும் தேனாக வாசித்தான்.

சரியாக ஒன்பதரைக்கு ஒரு கார் வந்து வாசலில் நின்றது. படியேறி ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். காலில் செருப்பில்லை. பின்னால் அவள் அண்ணனும் இரண்டு பெண்களும் வந்தார்கள். அவள் நேராக என் மேசைக்கு வந்து நின்றாள். யாரும் அவளிடம் நான் இன்னார் என்று சொல்லவில்லை. அறையில் சிரித்துக்கொண்டிருந்தவர்களில் மூத்தவளாக நான் தெரிந்திருக்க வேண்டும்.

“நான் அமலி. ஆலந்தலை. சவரிமுத்து எங்க வீட்டுக்காரர்” என்றாள். “பொணத்தை எங்க வச்சிருக்காவ?”

நான் எழுந்து என் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

நடந்ததை அவள் அண்ணன் சொன்னார். அமலி குழாயடியில் நின்றிருக்கிறாள். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் சாகுலின் குரல் கேட்டிருக்கிறது. தருவைகுளத்தில் முத்து கண்டெடுப்பு. மாவட்டம் முழுக்க முத்து என்று கேட்டது, அவள் ஒருத்திக்கு மட்டும் கணவன் பெயர் கேட்டது. ‘கண்டெடுப்பு’ என்ற சொல்லைச் செய்தியில் எதற்குச் சொல்வோம்? உடல் கண்டெடுப்பு. எலும்புக்கூடு கண்டெடுப்பு. அவள் அங்கேயே விழுந்துவிட்டாள். தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். அந்த அவசரத்தில் அவளுடைய போன் வீட்டிலேயே கிடந்துவிட்டது. வழியில் ஓர் இடத்தில் தண்ணீர் வாங்க நிறுத்தியபோது கடையில் எங்கள் மறுப்பு ஓடியிருக்கிறது. முத்து கிடைத்ததாகப் பரவும் தகவலில் உண்மை இல்லை. அப்படியென்றால் உடல்கூடக் கிடைக்கவில்லையா? ஆஸ்பத்திரிக்குப் போவதா, தருவைகுளம் போவதா என்று தெரியாமல், சொன்னவர்களையே கேட்போம் என்று இங்கே வந்திருக்கிறார்கள்.

“உயிரோடு இருக்கிறார் அம்மா, இட்லி சாப்பிட்டார்” என்று நான் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு மட்டமாக ஒலிக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

அமலி சத்தம் போடவில்லை. “மொதல்ல எடுத்தாச்சுன்னு சொன்னிய. பொறவு பொய்யின்னு சொன்னிய. இப்ப உசுரோட இருக்காருன்னு சொல்லுதிய. நான் எதை நம்ப?” என்றாள். பிறகு, “அவரு என்ன கரையில கெடக்க சிப்பியா, கண்டெடுக்க?” என்றாள்.

பத்தாம் வகுப்பு தாண்டாத அந்தப் பெண் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு என் வீட்டு வாத்தியார்கள் அத்தனை பேரும் சேர்ந்தாலும் பதில் சொல்ல முடியாது. தமிழில் வினையின் வாலில்தான் ஆள் இருக்கிறார். கிடைத்தார் என்றால் மனிதர், கிடைத்தது என்றால் பொருள். தலைப்புக்காக நான் அந்த வாலை நறுக்கினேன், கூடவே மனிதரையும் நறுக்கிவிட்டேன்.

சரி, புலம்ப நேரமில்லை. நிருபருக்குப் போன் போட்டேன். போகவில்லை. அந்தச் சின்னக் கரையில் அத்தனை பேர் போனும் கையுமாக நின்றால் எந்தக் கோபுரம் தாங்கும்? சவரிமுத்துவின் போன் கடலில் நனைந்து செத்திருந்தது. வேறொரு போனிலிருந்து வீட்டுக்குப் பேசச் சொல்லியும் அவரால் முடியவில்லை என்று நிருபர் முன்பே சொல்லியிருந்தார். மனைவியின் நம்பர் என்னவென்று கேட்டதற்கு, “அது போன்ல ‘வீடு’ன்னு இருக்கும்” என்றாராம். அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அவருடைய நம்பர் மட்டும்தான். இவர்களைக் காரில் அங்கே அனுப்பலாம் என்றால், அவர் அதற்குள் கிளம்பியிருந்தால் வழியில் ஒருவரையொருவர் தவறவிடுவார்கள்.

மேலாளர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அந்தப் பெண்ணைக் கேமரா முன்னால் உட்கார வைத்து நாலு வார்த்தை பேசவைக்கலாம், பிறகு ஆளைத் தேடிக் கூட்டி வந்து அதையும் காட்டினால் மாவட்டமே பார்க்கும் என்றார். கெட்ட மனிதர் இல்லை, தொழில் அப்படிப் பேச வைக்கும். உங்களையும் பேச வைக்கும். நான் முடியாது என்றேன். அவள் அழுவதற்கு நாமே காரணம், அதை நாமே எடுத்துக் காட்டுவது அசிங்கம் என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “அப்ப வேற என்ன செய்ய டீச்சர்?” என்றார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. போன்தான் போகவில்லை, தருவைகுளத்து டீக்கடைகளில் கேபிள் ஓடுகிறதே! முத்துத் தேடிப் போன கூட்டம் முழுக்க இந்நேரம் எங்கள் சேனலைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கும். அவர்களிடம் வண்டியும் இருக்கிறது.

தாளை எடுத்து எழுத ஆரம்பித்தேன். அமலி சுவரைப் பார்த்து உட்கார்ந்து நெற்றியைச் சுவரில் சாய்த்திருந்தாள். எழுதியதை அவள் முதுகுக்குப் பின்னால் நின்று வாய்விட்டுப் படித்தேன். “கடலில் தத்தளித்து மீட்கப்பட்ட மீனவரின் குடும்பத்தினர்...”

அமலி திரும்பவே இல்லை. “எந்த மீனவரு? பேரைச் சொல்லுங்க.”

பெயரை எழுதினேன். மறுபடி படித்தேன்.

“ஊரைச் சொல்லுங்க. சவரிமுத்துன்னு ஊருக்குப் பத்துப் பேரு இருக்காவ.”

ஊரை எழுதினேன்.

“உசுரோட இருக்காருங்கறதை மொதல்ல சொல்லுங்க. கேக்குதவ உசுரு நிக்காண்டாமா?”

என் பணிக்காலத்தில் எத்தனையோ பேர் என் எழுத்தைத் திருத்தியிருக்கிறார்கள். இப்படிப் பிசிரில்லாமல் யாரும் திருத்தியதில்லை. நாலாவது முறை படித்தபோது அவள் சரி என்று தலையை அசைத்தாள். சாகுல் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினான். ஓடுகிற நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு வாசித்தான்:

“ஆலந்தலை மீனவர் சவரிமுத்து உயிரோடு இருக்கிறார். அவர் தருவைகுளத்தில் இருக்கிறார். தருவைகுளத்தில் கிடைத்தது கடல் முத்து அல்ல, இந்த மனிதர்தான். தவறாகச் சொன்னது நாங்கள், மன்னியுங்கள். அவருடைய மனைவி தூத்துக்குடியில் எங்கள் அலுவலகத்தில் காத்திருக்கிறார். தருவைகுளத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து சவரிமுத்துவை ஒரு வண்டியில் ஏற்றி இங்கே அனுப்பி வையுங்கள்.”

மூன்று முறை வாசித்தான். மூன்றாவது முறை திரையில் இல்லாத ஒரு சொல்லை அவனாகவே சேர்த்தான்: “சீக்கிரம்.” சாகுல் தன் வாழ்நாளில் கூட்டி வாசித்த ஒரே சொல் அது.

அதன்பிறகு செய்ய ஒன்றும் இல்லை. அமலிக்குக் காபி கொடுத்தோம், அவள் குடிக்கவில்லை. நான் ஜன்னலில் நின்றேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஒருவேளை அவர் இதற்குள் வேறு வண்டியில் ஆலந்தலைக்கே கிளம்பிப் போயிருந்தால் என்ற நினைப்பு வந்தது.

பத்தே முக்காலுக்குத் தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. ஒரு ஹாரன் இல்லை, பத்துப் பதினைந்து. முன்னால் இரண்டு ஷேர் ஆட்டோ, பின்னால் பைக்குகள், நடுவே குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று. அதில் வாளியும் சல்லடையுமாக ஒரு கூட்டம். நடுவில், யாரோ கொடுத்த தொளதொள சட்டையைப் போட்டுக்கொண்டு, வண்டிக் கம்பியைப் பிடித்தபடி ஒல்லியாக ஒரு மனிதர் நின்று வந்தார். முத்துப் பொறுக்கப் போன கூட்டம் முத்துவையே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டது. மண்வெட்டிக்காரர்கூட வந்திருந்தார், பாவம், முகத்தில் அப்படியொரு பெருமை.

அமலி படியில் இறங்கினாள். ஓடவில்லை. அவர் வண்டியிலிருந்து குதித்து வந்து எதிரே நின்றார். அவள் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள், கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், வெயிலில் உரிந்த நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“சாப்ட்டியளா?” என்றாள்.

“ஆறு இட்லி” என்றார் அவர்.

அவள் அவர் தோளில் ஓர் அடி வைத்தாள், நல்ல அடி. பிறகு அந்தத் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டாள். தெருவில் ஹாரன் எல்லாம் அடங்கிவிட்டது. மேலாளர் அண்ணாச்சி வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். கேமராக்காரர் கேமராவைத் தூக்கவில்லை. அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

எல்லாரையும் மேலே கூப்பிட்டு உட்கார வைக்கலாம் என்றால் அவர்கள் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நான் சவரிமுத்துவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு எதற்கென்றே புரியவில்லை. கரையில் அத்தனை பேர் ஏன் தண்ணீருக்குள் நின்றார்கள் என்பதும் அவருக்கு அதுவரை முழுசாக விளங்கவில்லை, ஏதோ கோயில் திருவிழா என்று நினைத்தாராம். சாகுல் முதலிலிருந்து சொன்னான். தலைப்பு, நகைக்கடை விளம்பரம், துபாய் காக்காவின் கம்மல், எத்தனை கிராம் என்று கேட்ட அதிகாரி.

சவரிமுத்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் நெஞ்சைப் பார்த்தார், எலும்பு தெரியும் நெஞ்சு.

“அம்பத்திரண்டு கிலோ” என்றார். “அந்த ஆபீசர்ட்ட சொல்லுங்க.”

முதலில் சிரித்தது அமலிதான். அழுத கண்ணோடு, மூக்கை முந்தானையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவள் அண்ணன், சாகுல், மேலாளர், வாளியோடு வந்தவர்கள் எல்லாரும். காலையில் நான் சிரித்த சிரிப்பு தொண்டையில் ஒரு முள்ளாக நின்றிருந்தது, அது அப்போதுதான் இறங்கியது. ஒருவர் நிறுத்தினால் மற்றவர் ‘அம்பத்திரண்டு கிலோ’ என்பார், மறுபடி ஆரம்பிக்கும். மண்வெட்டிக்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். எனக்கு விலா வலித்தது.

திடீரென்று யாரோ கத்தினார்கள், மணி பதினொன்று தாண்டிவிட்டது. பதினொரு மணிச் செய்தியை ஆரம்பிக்க வேண்டிய ஆசிரியர், வாசிப்பாளர், மேலாளர், கேமராக்காரர் அத்தனை பேரும் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறோம். எழுந்து ஓடினோம். சாகுல் மூச்சு வாங்க, சட்டைக் காலரைச் சரி செய்தபடி, கண் சிவந்து போய் ஆறு நிமிடம் தாமதமாகத் தொடங்கினான். முதல் தலைப்பை இப்படி எழுதியிருந்தேன்: “ஆலந்தலை மீனவர் சவரிமுத்து வீடு திரும்புகிறார்.” பெயரும் முழுசு, வினையும் முழுசு.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பதிவேடு உண்டு. செய்தி ஒரு நிமிடம் தாமதமானாலும் அதில் காரணம் எழுதி ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கமாக எல்லாரும் ‘தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களால்’ என்று எழுதுவார்கள். அன்று சாயங்காலம் அதைத் திறந்தேன். இப்படி எழுதினேன்:

“சிரித்துக்கொண்டிருந்தோம்.”

மேலாளர் அண்ணாச்சி படித்துப் பார்த்தார். ஒரு எழுத்தும் திருத்தாமல் கீழே கையெழுத்துப் போட்டார்.